கான்டாக்ட் லென்ஸ் போடலாம்னு இருக்கேன்: டெய்லியா, மன்த்லியா, செமி சாஃப்டா?

பாளைப்புள்ள:
வலது கண்ணு மைனஸ் 3.25, இடது மைனஸ் 2.75, இடதுல மட்டும் சிலிண்டர் (கண்ணு வளைவு ஒரே சீரா இல்லாததுக்குக் குடுக்க பவர்) மைனஸ் 1.50 இருக்கு. பாளையங்கோட்டையில இருந்து கங்கைகொண்டான் சிப்காட்டுக்கு தினமும் ஸ்கூட்டியிலதான் போயிட்டு வாரேன், இந்த ஆனி ஆடி காத்துல ஹெல்மெட்டுக்குள்ள கண்ணாடி ஒரு இடத்துல நிக்க மாட்டேங்கு. ஆவணியில அக்கா கல்யாணம் வேற வருது. ஒரு கடையில சிலிண்டர் கொஞ்சந்தானே, ஒரு மாசம் வச்சுப் போடுத சாதா மன்த்லியே போதும்ங்காவ, இன்னொரு கடையில ஒரு நாள் போட்டுத் தூக்கிப் போடுத டெய்லிதான் நல்லதுங்காவ, மாமா பொண்ணு செமி சாஃப்ட்னு கொஞ்சம் கெட்டியான லென்ஸ் போட்டிருக்கா, பார்வை பளிச்சுனு இருக்குங்கா. எதைத்தான் எடுக்க?

ஜங்ஷன்காரன்:
11 வருசமா லென்ஸ் ஃபிட்டிங் வேலைதான் பாக்கேன் தங்கச்சி. 1.50 சிலிண்டர் கொஞ்சம் கிடையாது, 0.75 வந்தாலே டோரிக், அதாவது சிலிண்டர் பவரும் சேந்த லென்ஸ் பத்தி யோசிக்கணும். சாதா லென்ஸ் போட்டா எழுத்துக்குப் பக்கத்துல நிழல் மாதிரி தெரியும், சாயங்காலம் தலைவலிச்சுரும். இடதுக்கு மட்டும் டோரிக், வலதுக்கு சாதா போதும். டோரிக்ல கீழ்ப்பக்கம் கொஞ்சம் கனமா இருக்கும், கண்ணுல சுத்தாம நிக்கதுக்குத்தான் அது, அதனால ட்ரையல் போட்டு கால் மணி நேரம் உக்கார வச்சு, லென்ஸ்ல இருக்க கோடு எங்கன நிக்குன்னு பாத்துத்தான் தரணும், பாக்காம தந்தா வாங்காதீங்க. கண்ணாடிச் சீட்டையும் நம்பிப் போகாதீங்க, கருவிழி வளைவு அதுல இருக்காதுல்லா, அதைத் தனியா அளக்கணும்.
செமி சாஃப்ட்ல பார்வை சுத்தமா இருக்கும், உண்மைதான். ஆனா லாரி போற ரோட்டுல ஒரு மண்ணு அடியில போய்ட்டா ஊசி குத்துன மாதிரி இருக்கும், வண்டியில வச்சு அது ஆபத்து. தினமும் போடுவீங்கன்னா சிலிக்கான் ஹைட்ரோஜெல் மன்த்லி எடுங்க, கருவிழிக்கு ஆக்ஸிஜன் நல்லா போகும். அந்த லென்ஸோட பாக்கெட்டைப் பிரிச்ச நாள்ல இருந்துதான் 30 நாள் கணக்கு, போட்ட நாள மட்டும் எண்ணக்கூடாது.

ஆத்தங்கரைக்காரன்:
எந்த லென்ஸ் எடுத்தாலும் இதைப் படிச்சிட்டு எடும்மா. நான் மன்த்லி போட்டுக்கிட்டே தாமிரபரணி ஆத்துல, குறுக்குத்துறையில முங்கிக் குளிச்சேன், லென்ஸோட தண்ணியில இறங்கக்கூடாதுன்னு வாங்குன கடையில ஒரு வார்த்த சொல்லல. கண்ணு செவந்துச்சு, மெட்ராஸ் ஐன்னு நெனச்சு 4 நாள ஓட்டிட்டேன். பெறவு பாத்தா அகாந்தமீபான்னு தண்ணியில இருக்க கிருமியாம். வெளிச்சமே ஆகாது, சன்னல்ல போர்வையக் கட்டி வச்சு ராத்திரியும் மணிக்கொருக்க எங்கம்மா முழிச்சிருந்து சொட்டு மருந்து விட்டாவ. 6 மாசம் ஆச்சு. தழும்பு விழுந்து கருவிழி மேடுபள்ளமா போச்சு, சாதா லென்ஸுல தெளியாதுன்னு இப்ப அந்தக் கண்ணுக்கு செமி சாஃப்ட்தான். ஆறு மட்டுமில்ல, கெணறு, குழாத்தண்ணி எதுவும் லென்ஸுல படக்கூடாது. டப்பாவக்கூட சொல்யூஷன்லதான் அலசணும், பழைய சொல்யூஷன்மேலயே புதுச ஊத்தவும் கூடாது.

வீரவநல்லூர் அக்கா:
கல்யாணத்தன்னைக்கி மட்டும் டெய்லி எடுத்துக்கோ, ஹோமப்புகையில கண்ணு எரிஞ்சா கழட்டிப் போட்டுரலாம்லா. மொதல்ல லென்ஸ், பெறவுதான் மை.

பாளைப்புள்ள:
அண்ணாச்சி, நீங்க பட்ட பாட்டைப் படிச்சதும் கண்ணு கலங்கிட்டு. ஞாயித்துக்கிழமை டோரிக் ட்ரையல் போய்ப் பாக்கேன். ஒண்ணு மட்டும் கேக்கேன், லென்ஸ் உள்பக்கம் வெளிப்பக்கம் எப்படித் தெரியும்?

ஜங்ஷன்காரன்:
கைய சோப்புப் போட்டுக் கழுவி, ஈரமில்லாமத் துடைச்சிட்டு விரல் நுனியில நிக்க வச்சுப் பாருங்க. கிண்ணம் மாதிரி நின்னா சரி, ஓரம் தட்டு மாதிரி விரிஞ்சா திரும்பியிருக்கு.