மூன்று தலைமுறைச் செம்மறிப் பட்டியில் கிடா மாற்றுவது எப்படி?

கேட்பவர்: மலையடிவாரத்தான்

அனைவருக்கும் வணக்கம். ஒடுகத்தூரை அடுத்த ஜவ்வாது மலைச் சரிவில் எங்கள் பட்டி இருக்கிறது. வட ஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்த காலத்தில் தாத்தா 12 பெட்டைகளுடன் தொடங்கியது. இன்று பெரியப்பா, அப்பா, சித்தப்பா மூன்று குடும்பத்துக்கும் பொதுவாக 140 உருப்படிகள் உள்ளன. எல்லாம் சென்னைச் சிவப்பு இனம். இடது காது நுனியில் வெட்டு இருந்தால் பெரியப்பா பங்கு, வலது காது நுனியில் இருந்தால் அப்பா பங்கு, வெட்டு இல்லாதது சித்தப்பா பங்கு என்பது தாத்தா வைத்த கணக்கு.

நான்கு ஆண்டுகளாகக் குட்டிகள் சிறுத்துக்கொண்டே வருகின்றன. முன்பெல்லாம் இரண்டரை கிலோவுக்குக் குறையாமல் பிறந்த குட்டி, இப்போது இரண்டு கிலோவைத் தொடுவதே அரிதாகிவிட்டது. சென்ற கார்த்திகையில் பிறந்த இரண்டு குட்டிகளுக்குக் கீழ்த்தாடை உள்ளே போயிருந்ததால் மடியைக் கவ்வ முடியவில்லை. புட்டிப்பால் கொடுத்தும் பிழைக்கவில்லை. இப்போது பட்டியில் இருக்கும் மூன்று கிடாக்களும் ஒரே பழைய கிடாவுக்குப் பிறந்தவை. வெளிக்கிடாவுக்கு மலை ஏறத் தெரியாது, பட்டியின் குணம் கெட்டுவிடும் என்கிறார் அப்பா. சித்தப்பா மகனோ எடை கூட வேண்டுமென்று மேச்சேரி அல்லது நெல்லூர் கிடா வாங்கலாம் என்கிறான். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1: ஆரணிப் பக்கத்து மந்தைக்காரர்

தம்பி, கிடா மாற்றுவதைப் பேசும் முன் ஒன்றைக் கேட்கிறேன். பக்ரீத்துக்கு எந்தக் கிடாவை விற்கிறீர்கள்? பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வியாபாரிகள் வந்தால் முறுக்குக் கொம்பும் அகன்ற நெஞ்சுமாக நிற்பதைத்தான் முதலில் கையால் தட்டுவார்கள். விலை நன்றாக வருகிறதென்று அதைக் கொடுத்துவிடுகிறோம். யாரும் கேட்காமல் மிஞ்சியது பட்டியில் தங்கி, அடுத்த ஆண்டுக் குட்டிகளுக்கெல்லாம் தகப்பனாகிவிடுகிறது. என் தந்தையும் இதைத்தான் செய்தார், நானும் பத்து ஆண்டுகள் செய்தேன். உறவுக்குள் சேர்வது பாதிக் கேடு என்றால், தேறாததைத் தகப்பனாக்குவது மீதிக் கேடு. ஆகவே பட்டிக்கென்று நிறுத்தும் கிடாவை ஆறு மாதத்திலேயே ஒதுக்கிவிடுங்கள்; பண்டிகை விலை எவ்வளவு ஏறினாலும் அதன் மேல் கை வைக்க விடாதீர்கள்.

தாத்தா காதில் சிறிதாக வெட்டியதும் யோசித்துத்தான் என்று நினைக்கிறேன். காது பெரிதாக அறுபட்ட கிடாவைக் குர்பானிக்கு, அதாவது பக்ரீத் பலிக்கு, வாங்க மாட்டார்கள்.

பதில் 2: ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர்

மேலே ஐயா சொன்னது முற்றிலும் சரி. அதோடு உறவுக் கணக்கையும் பார்க்க வேண்டும். தகப்பன் கிடா தன் மகளோடு சேர்ந்து பிறக்கும் குட்டிக்கு உள்ளினக் கலப்பு, அதாவது உறவுக்குள் சேர்வதன் அளவு, 25 சதவீதம். ஒரே தகப்பனுக்கு வேறு வேறு தாய்களிடம் பிறந்தவை சேர்ந்தால் 12.5 சதவீதம். உங்கள் பட்டியில் இவ்விரண்டும் ஆண்டுதோறும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து வருகின்றன. எடைக் குறைவும் தாடைக் குறையும் இப்படிப்பட்ட பட்டிகளில் நாங்கள் அடிக்கடி பார்த்தவைதான். சினை ஆட்டின் தீவனக் குறைவும் குடற்புழுவும் குட்டியைச் சிறுக்க வைக்கும் என்பதால், சாணத்தைப் பரிசோதனைக்குக் கொடுத்துப் பார்த்துவிடுங்கள்.

மேச்சேரி நல்ல இனம்தான். ஆனால் அதில் கிடாவுக்கும் பொதுவாகக் கொம்பு இருக்காது. கொம்புக்காகவே விலை பெறும் உங்கள் பட்டியில் அதை விட்டால் பக்ரீத் வருமானத்தில் நீங்களே கை வைத்தது போலாகும். நெல்லூர் உயரமான இனம். சிறிய பெட்டைக்குப் பெரிய குட்டி தரித்தால் ஈற்றில் சிரமப்படும். சென்னைச் சிவப்புக்குள்ளேயே, உங்கள் பட்டியோடு தொடர்பில்லாத வேறு மந்தையில் கிடா வாங்குங்கள். உங்கள் தந்தை அஞ்சும் குணக்கேடும் இதனால் வராது. மலை ஏறும் பழக்கத்தைக் குட்டி தாயின் பின்னால் நடந்தே கற்றுக்கொள்கிறது. அந்தத் தாய்கள் அனைத்தும் உங்களிடமே இருக்கின்றன.

இனி உங்கள் காது வெட்டுக் கணக்குக்கு வருகிறேன். பெட்டைகள் ஏற்கெனவே மூன்று பங்காக அடையாளம் பெற்றிருப்பது பெரிய வசதி. பங்குக்கு ஒரு புதுக் கிடா வீதம் மூன்று வாங்கிச் சேர்க்கைக் காலத்தில் மட்டும் பங்கு வாரியாகத் தனித்தனியே அடையுங்கள்; ஒரு கிடாவுக்கு 25 முதல் 30 பெட்டைகள் வரை போதும். இரண்டு ஆண்டுகள் கழித்து, பெரியப்பா பங்கில் பிறந்த கிடா அப்பா பங்குக்கும், அப்பா பங்கில் பிறந்தது சித்தப்பா பங்குக்கும், சித்தப்பா பங்கில் பிறந்தது பெரியப்பா பங்குக்கும் போகட்டும். இந்தச் சுற்று சில தலைமுறைகளுக்கு உறவுக் கலப்பைத் தள்ளிப்போடும், அடியோடு நிறுத்தாது. இடையிடையே வெளிக்கிடா வந்தே தீர வேண்டும்.

புதுக் கிடாவை வாங்கியவுடன் மந்தையில் விடக் கூடாது. மூன்று வாரமாவது தனியே கட்டி, ஆட்டுக்கொல்லி நோய்க்கும் துள்ளுமாரிக்கும் தடுப்பூசி போட்டு, குடற்புழு நீக்கிய பிறகே உள்ளே விட வேண்டும். 1932 முதல் கால்நடைத் தடுப்பு மருந்து தயாரிக்கும் நிலையம் ராணிப்பேட்டையில் நம் கைக்கெட்டும் தொலைவில் இருந்தும், நோய் வந்த பிறகு ஊசிக்கு ஓடுவோர்தான் அதிகம் என்பது என் நீண்ட நாள் குறை.

பதில் 3: கே.வி.குப்பத்தார்

கிடா வாங்க யார் பணம் போடுவது என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள், அண்ணா. எங்கள் வீட்டில் சித்தப்பா காசில் வந்த கிடாவுக்குப் பிறந்த குட்டிகள் யாருக்கு என்று தகராறு கிளம்பி, பட்டியே பிரிந்துபோனது. குட்டி தாயின் பங்கு, கிடா பொதுப் பணம் என்று எழுதி வைத்திருந்தால் பிரிந்திருக்க மாட்டோம்.

கேட்பவர்: மலையடிவாரத்தான்

மூவருக்கும் நன்றி. எங்கள் வீட்டில் குட்டி தாயின் பங்குதான். கிடாவுக்கு மூன்று குடும்பமும் சமமாகப் போடுவதென்று நேற்றிரவு பேசி முடித்தோம். அப்பா இன்னும் வாய் திறந்து சரி என்று சொல்லவில்லை, ஆனால் கிடா எந்த ஊரில் பார்க்கிறீர்கள் என்று கேட்டார். கிடாவை எந்த மாதத்தில் வாங்கலாம்?

பதில்: ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர்

சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். ஆனியில் சேர்த்தால் ஈற்று கார்த்திகை மழையில் வந்து, ஈரப் பட்டியில் குட்டிகள் சளி பிடித்துச் சாகும். ஆவணியில் சேர்த்தால் தையில் ஈனும். மழை ஓய்ந்து மலையில் மேய்ச்சல் மிஞ்சியிருக்கும், தாய்க்குப் பாலும் ஊறும். கோடையில் வண்டியில் அலைந்து வந்த கிடாவின் விந்து தேறி வர ஏழெட்டு வாரமாகும் என்பதால், ஆனி முதல் வாரத்துக்குள் வாங்கி நிழலில் கட்டிவிடுங்கள். வாங்கும்போது உதட்டை விலக்கிக் கீழ்ப்பற்கள் மேல் ஈறோடு பொருந்துகின்றனவா, விதைகள் இரண்டும் ஒரே அளவில் இருக்கின்றனவா என்று பாருங்கள். கூடவே உங்கள் தந்தையை அழைத்துச் செல்லுங்கள்.