மறு: ஃபோலி – தமிழில் என்ன? ‘போலியொலி’ வேண்டாம்

குழு நண்பர்களுக்கு வணக்கம். சினிமாவில் காலடி, துணி உரசல் போன்ற சத்தங்களைத் திரையைப் பார்த்தபடியே எழுப்பிப் பதியும் வேலைக்கு ஆங்கிலத்தில் ஃபோலி என்று பெயர். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் ஐயா ஒருவர் எழுதியது:

> ஃபோலி என்பது ஓர் ஆளின் பெயர். வோல்ட், ஆம்பியர் மாதிரி அப்படியே வைத்துக்கொள்ளலாம். ஆய்தம் போட விரும்பாதவர்கள் ‘போலியொலி’ என்று எழுதட்டும். போலச் செய்வதுதானே வேலையும்? பெயரும் பொருளும் ஒன்றாக அமைந்திருக்கிறதே!

ஐயா சொல்வது படித்தவுடன் மனதுக்குப் பிடிக்கிறது. நன்னூல் பயின்றவர்களுக்கு முதற்போலி, இடைப்போலி, கடைப்போலி எல்லாம் நினைவுக்கு வரும். பந்தல் பந்தர் ஆனாலும் பொருள் கெடுவதில்லை. இலக்கணத்தில் போலி ஒரு குறையுமில்லாத சொல். ஆனால் இன்றைக்குப் பேச்சில் போலி என்றால் போலி மருத்துவர், போலிப் பத்திரம், போலிச் சான்றிதழ். நாளைக்கு ஒரு நாளிதழ் ‘போலி கலைஞருக்கு விருது’ என்று தலைப்புப் போட்டால் அந்தக் கலைஞரின் அம்மா அதை எப்படி வாசிப்பார்? வோல்ட்டுக்கும் ஆம்பியருக்கும் இந்த ஆபத்து இல்லை. அதனால்தான் இங்கே ஆள் பெயரை அப்படியே விட்டுவிடலாம் என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

நான் இருப்பது கொழிஞ்சாம்பாறைப் பக்கம். கேரளம்தான், ஆனால் கடைவீதியில் காதில் விழுவது பெரும்பாலும் தமிழ். தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கிறேன். பள்ளித் திரைப்பட மன்றத்துக்காகச் சினிமா ஒலி பற்றி ஒரு கையேடு எழுதும்போதுதான் இந்தச் சொல்லில் வந்து நின்றேன். மலையாளத்தில் ஃபோளி ஆர்ட்டிஸ்ட் என்றே எழுதிவிடலாம். அந்த ஒலிக்கு அங்கே பழகிய எழுத்து இருக்கிறது, வேறு பொருளும் வந்து ஒட்டிக்கொள்ளாது. அதே பிள்ளை தமிழில் எழுதும்போது ஆய்தம் முதலில் உதிர்ந்துபோகிறது. மிச்சம் நிற்பது ‘போலி’.

சரி, எது ஃபோலி, எது அல்ல என்பதை முதலில் பிரித்துக்கொள்ளலாம். இந்த இழையிலேயே இரண்டும் கலந்து கிடக்கின்றன. ஒரு நண்பர் 1981இல் வந்த ‘ரைடர்ஸ் ஆஃப் த லாஸ்ட் ஆர்க்’ படத்தில் நாயகனைத் துரத்தி உருளும் பெரிய பாறையை எடுத்துக்காட்டாகத் தந்திருந்தார். அந்தச் சத்தம் ஒரு ஹோண்டா சிவிக் கார் சரளைச் சரிவில் உருண்டு இறங்கிய சத்தம் என்பது உண்மைதான். ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட் அதை வெளியே போய்ப் பதிவுசெய்து கொண்டுவந்தார். ‘ஸ்டார் வார்ஸ்’ துப்பாக்கிக்கும் அப்படியே: உயரமான கம்பத்தை இழுத்துக்கட்டிய கம்பியைச் சுத்தியலால் தட்டிப் பதிந்து வந்தார். இவையெல்லாம் ஒலி வடிவமைப்பு. சத்தத்தை ஓரிடத்தில் பிடித்து, மேசையில் வெட்டி ஒட்டிச் சேர்ப்பது.

ஃபோலி அப்படியில்லை. எதிரே திரையில் படம் ஓடும். ஒருவர் அதைப் பார்த்துக்கொண்டே, பாத்திரத்தின் கால் தரையில் படும் அதே கணத்தில் தன் காலை வைக்க வேண்டும். தோல் பையில் சோளமாவை அடைத்து அமுக்குவார், திரையில் அவன் பனியில் நடப்பான். செலரித் தண்டை முறுக்குவார், அங்கே எலும்பு முறியும். 1982இல் வந்த ‘இ.டி.’ படத்து வேற்றுக்கிரகவாசி அசைந்து நடக்கும் அந்த வழுவழுப்பான சத்தத்துக்குப் பச்சை ஈரலும், ஈரத்துணியில் சுற்றிய ஜெல்லியும் பயன்பட்டன. எந்தப் பொருள் என்பது பாதி விஷயம்தான். எப்போது, எவ்வளவு அழுத்தி, எந்த மனநிலையில் என்பது மீதிப் பாதி. சோர்ந்தவன் நடையும் கோபக்காரன் நடையும் ஒரே செருப்பில் வேறு வேறாகக் கேட்க வேண்டும். அது நடிப்பு.

இந்தக் கலைக்குத் தன் பெயரைத் தந்த ஹாலிவுட்காரர் ஜாக் ஃபோலி செய்ததும் அதுதான். யூனிவர்சல் நிறுவனம் ‘ஷோ போட்’ படத்தை மௌனப் படமாக எடுத்துக்கொண்டிருந்தபோது பேசும்பட அலை வந்துவிட்டது. 1929இல் அதற்கு ஒலி சேர்க்க வேண்டியிருந்தது. படத்தைத் திரையிட்டு, அதைப் பார்த்தபடியே காலடியும் கைதட்டலும் எழுப்பிப் பதிந்தவர்களில் அவர் ஒருவர். 1960இல் வந்த ‘ஸ்பார்ட்டகஸ்’ பற்றியும் ஒரு கதை சொல்வார்கள்: சங்கிலி பூட்டிய அடிமைகள் நடக்கும் காட்சியை மறுபடி எடுக்கும் பேச்சு வந்தபோது, ஃபோலி சாவிக்கொத்தைக் குலுக்கியே அந்தச் சங்கிலிச் சத்தத்தைக் கொடுத்துவிட்டாராம். 1967இல் அவர் இறக்கும் வரை இந்த வேலைக்காகப் படங்களின் டைட்டிலில் அவர் பெயர் வரவில்லை என்பார்கள்.

> ‘பின்னணி ஒலி’ என்று சொல்லிவிட்டால் என்ன? பின்னணி இசை, பின்னணிக் குரல் ஏற்கெனவே இருக்கின்றன.

இருப்பதுதான் தடை. பின்னணி ஒலி என்றால் யாருக்கும் தோன்றுவது தூரத்துப் பேருந்து, காக்கை, சந்தை இரைச்சல். அதற்குச் ‘சூழொலி’ என்று ஏற்கெனவே பேசியிருக்கிறோம். நடிகர் நாற்காலியை இழுக்கும் சத்தம் பின்னால் கேட்பதில்லை, முன்னால்தான் கேட்கிறது.

எல்லையோரத்து ஆட்களுக்கு இந்த வேலையின் அருமை இன்னொரு வழியிலும் புரியும். இங்கே ஒரே படத்தைத் தமிழிலும் மலையாளத்திலும் பார்க்கிற வீடுகள் உண்டு. படப்பிடிப்பில் மைக் வசனத்தைத்தான் குறிவைக்கிறது. காலடியும் துணி உரசலும் அந்த வசனத்தோடு ஒட்டிக்கொண்டுதான் பதிவாகின்றன. வேற்று மொழிக்குக் குரல் மாற்றும்போது மூல வசனத்தை எடுத்தால் அவையும் சேர்ந்து போய்விடும். பாத்திரங்கள் காற்றில் மிதக்கிற மாதிரி இருக்கும். அதனால் இசையும் பிற ஒலிகளும் மட்டும் கொண்ட தனித் தடம் ஒன்று தேவைப்படுகிறது. அதில் மனித அசைவை நிரப்புவது பெரும்பாலும் ஃபோலி. குரல் தமிழிலிருந்து தெலுங்குக்குப் போகலாம், வளையல் குலுங்குவது போகாது.

ஆகவே என் பரிந்துரை: நிகழ்த்தொலி.

‘நிகழ்த்துகலை’ பாடநூல் வரை வந்துவிட்ட சொல். அதே வழியில் நிகழ்த்து + ஒலி. வினைத்தொகையாக நிற்பதால் காலம் காட்டாது. நிகழ்த்திய ஒலி, நிகழ்த்தும் ஒலி எல்லாம் அடக்கம். நிகழ்த்தொலிக் கலைஞர், நிகழ்த்தொலி அரங்கு, நிகழ்த்தொலித் தடம் என்று கிளைகளும் தடங்கலில்லாமல் வருகின்றன. ‘ஒத்தொலி’யும் யோசித்தேன். ஆனால் படப்பிடிப்பிலேயே நேரடியாகப் பதியும் ஒலியோடு குழம்பும். ‘நிழலொலி’ கவிதைக்கு நல்லது, வேலையைச் சொல்லவில்லை.

பாலக்காட்டுப் பக்கம் பகவதி கோயில்களில் தோல்பாவைக்கூத்து பார்த்தவர்கள் குழுவில் இருப்பீர்கள். கூத்துமாடத்தில் வெள்ளைத் திரை. பின்னால் தேங்காய் மூடியில் ஏற்றிய இருபத்தொரு விளக்குகள். திரைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு கம்பன் பாடலைச் சொல்லிப் பாவைக்கு அசைவும் குரலும் கொடுக்கிறவர் நம் கண்ணில் படுவதே இல்லை. அவரைப் புலவர் என்று அழைக்கிறது இந்த ஊர். திரைக்குப் பின்னால் நிற்பவருக்கு இப்படிப் பெயர் கொடுத்த மண்ணில் இருந்துகொண்டு, ஒலிக்கூடத்தில் சரளைப் பெட்டிக்குள் நின்று நடக்கிற மனிதரைப் போலி என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

அன்புடன்,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து

——

> நிகழ்த்தொலி பிடித்திருக்கிறது சார். நகரியிலிருந்து ஓர் ஐயம். நாடக மேடையில் இடிக்குத் தகரத்தை ஆட்டுவார்களே, வானொலி நாடகத்தில் கதவு திறப்பார்களே, அவையும் இதில் சேருமா? சேர்ந்தால் வரையறை நீர்த்துப்போகாதா?

நல்ல கேள்வி சார். சொல்லின் பொருளை மட்டும் பார்த்தால் அவையும் நிகழ்த்தொலிதான். ஃபோலி கலைக்கு மூத்தவையும் அவையே. ஆனால் கலைச்சொல்லுக்கு வரையறைதான் வேலி. இப்படி எழுதிப் பார்க்கிறேன்:

நிகழ்த்தொலி: பதிவான படத்தைத் திரையில் பார்த்தவாறே, பாத்திரங்களின் நடை, உடை உரசல், பொருள் கையாளல் ஆகியவற்றுக்குரிய ஒலிகளை அசைவோடு இசைய உடலாலும் பொருள்களாலும் எழுப்பிப் பதிவது.

‘படத்தைப் பார்த்தவாறே’ என்பது மேடையையும் வானொலியையும் வெளியே நிறுத்துகிறது. ‘அசைவோடு இசைய’ என்பது ஹோண்டா காரை வெளியே நிறுத்துகிறது.

——

> ஒலிக்கூடத்தில் இருக்கிறேன் அண்ணா. இங்கே நாங்கள் எஃபெக்ட்ஸ் என்றுதான் சொல்வோம். டைட்டிலில் ‘சிறப்பு சப்தம்’ என்று போட்டதும் உண்டு. உங்கள் சொல் வாயில் வர நாளாகும்.

நாளாகட்டும் தம்பி. எஃபெக்ட்ஸ் என்ற பேச்சுவழக்கைத் துரத்த வேண்டியதில்லை. ஆனால் அதில் வெடிச்சத்தமும் வரும், மழையும் வரும், காலடியும் வரும். ‘சிறப்பு சப்தம்’ நல்ல மரபு. என்றாலும் அதுவும் எல்லாவற்றுக்கும் பொதுதான். காலடிக்காரருக்கென்று தனியே ஒரு பெயர் வேண்டும், டைட்டிலில் அச்சாகிற மாதிரி.

இன்னொன்று. மணல், சரளை, சிமெண்ட், பலகை என்று வெவ்வேறு தரைகளைக் கட்டம் கட்டமாகப் பதித்து வைத்திருப்பீர்களே, காலடி பதிய, அதற்கு உங்கள் கூடத்தில் என்ன பெயர்? நான் ‘நடைக்களம்’ என்று குறித்திருக்கிறேன். அங்கே புழங்குகிறவர்களிடம் நல்ல சொல் ஏதாவது இருந்தால் எழுதுங்கள், என்னுடையதை அடித்துவிட்டு அதைப் போட்டுக்கொள்கிறேன்.