காலி மனையைப் பற்றி மனு கொடுத்தேன், அபராதம் எனக்கு வந்தது

மூன்றாவது தெருக்காரர்:

எங்கள் தெருவின் கடைசி மனை பதினொரு ஆண்டுகளாகக் காலியாகக் கிடக்கிறது. அது எப்படி இருக்கும் என்று இங்குள்ளவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சீமைக்கருவேலம், யார் யாரோ கொட்டிய கட்டடக் கழிவு, ஐப்பசியில் முழங்கால் அளவு நீர். ஐந்தாவது மனுவுக்குப் பிறகு ஒரு காலையில் சுகாதார ஆய்வாளரும் கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர் ஒருவரும் வந்தார்கள். மனையின் ஓரத்தில் நின்று பார்த்துவிட்டு ஏதோ குறித்துக்கொண்டார்கள். பிறகு அந்தப் பணியாளர் அம்மா, "உங்கள் வீட்டையும் ஒருமுறை பார்த்துவிடுகிறோம், சார்" என்றார். தொட்டி மூடியிருந்தது, மொட்டைமாடியில் ஒரு துரும்பும் இல்லை, ஆகவே பெருமையோடுதான் அழைத்துச் சென்றேன். அவர் நேரே சமையலறைக்குப் போய், பிரிட்ஜைச் சற்று இழுத்து, பின்புறத் தட்டில் டார்ச் அடித்தார். விரற்கடை நீர்தான் இருந்தது. வெளிச்சம் பட்டதும் ஐந்தாறு புழுக்கள் உடலை வளைத்து வளைத்து அடியில் இறங்கின. அந்த நெளிவு இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. 500 ரூபாய் அபராதம் விதித்தார்கள். ரசீதில் என் பெயரும் கதவு எண்ணும் பிழையின்றி இருந்தன. மனை அப்படியே இருக்கிறது.

மஸ்கட்வாசி:

நானும் இப்படிப்பட்ட மனை ஒன்றின் உரிமையாளன் என்பதால் எழுதுகிறேன். உரிமையாளன் என்றாலே பொறுப்பற்றவன் என்று முடிவு கட்டிவிடுகிறீர்கள். காலி மனை வரியை நான் ஓர் அரையாண்டுகூடத் தவறவிட்டதில்லை. சென்ற விடுமுறையில் வந்து, ஜேசிபி வைத்து முள்ளை வேரோடு எடுத்து, நான்கு டிராக்டர் குப்பையை அப்புறப்படுத்தினேன். அன்று மாலை, சுத்தமான மண்ணைப் பார்த்த நிறைவில் கல் ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தேன். எதிர் வீட்டிலிருந்து ஓர் அம்மையார் வந்து, நிறைந்த பை ஒன்றை என் கண்ணெதிரிலேயே மனைக்குள் வீசிவிட்டு, "யாருப்பா நீ, இங்கே என்ன பண்றே?" என்று என்னைக் கேட்டார். எனக்கு அப்போது பதில் வரவில்லை, விமானத்தில் ஏறிய பிறகுதான் வந்தது. மூன்றாவது தெருக்காரர், அந்தக் கட்டடக் கழிவைக் கொட்டிய 'யார் யாரோ' எவர் என்று என்றாவது விசாரித்தாரா?

ஓய்வுபெற்ற எழுத்தர்:

என் அனுபவம் சிறியது. நகராட்சிப் பணியில் இருந்தபோது, சாலைப் பக்கம் சாய்ந்திருந்த பாழடைந்த வீட்டுச் சுவர் ஒன்றுக்காக அறிவிப்பு அனுப்பினேன். 'பெறுநர் காலமானார்' என்ற குறிப்போடு உறை திரும்பி வந்தது. அதைக் கோப்பில் சேர்த்தேன். அடுத்த மழையில் சுவர் விழுந்தது, நல்ல வேளையாக இரவு நேரம்.

ஆகையால் மனுவின் எண்ணிக்கையைக் கூட்டுவதில் பயனில்லை, அறிவிப்பு யார் கைக்குப் போக வேண்டும் என்பதை நீங்களே கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும். புல எண் தெரிந்தால் வருவாய்த் துறையின் இணையச் சேவையில் பட்டா விவரத்தைப் பார்க்கலாம். மேலும், முழங்கால் நீரைக் காட்டி டெங்கு என்று எழுதாதீர்கள். சேற்று நீரில் பெருகுவது பெரும்பாலும் கியூலெக்ஸ் கொசு, டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட அதிகம் நாடுவது தெளிந்த நீரை, அதனால்தான் அந்த அம்மா உங்கள் பிரிட்ஜைத் தேடிப் போனார், அவர்மேல் பிழையில்லை. மனையில் கிடக்கும் டயர், கொட்டாங்குச்சி, பிளாஸ்டிக் டம்ளர் ஆகியவற்றில் மழைநீர் நிற்பதைத் தேதியோடு படமெடுத்து இணையுங்கள். 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டப்படி, தொல்லையை நீக்குமாறு உரிமையாளருக்கோ குடியிருப்பவருக்கோ அறிவிப்புக் கொடுக்கலாம், அவர் செய்யாவிட்டால் நிர்வாகமே செய்து செலவை அவரிடம் வசூலிக்கலாம். அதுவும் நடக்காவிட்டால் வருவாய்க் கோட்டாட்சியரிடம் போங்கள். பொதுத் தொல்லையை நீக்க உத்தரவிடும் அவரது அதிகாரம் முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவாக இருந்தது, 1.7.2024 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவாகியிருக்கிறது. 1980இல் மத்தியப் பிரதேசத்து ரத்லாம் நகரின் சாக்கடை வழக்கில், "நிதி இல்லை" என்று நகராட்சி கைவிரித்தபோது, அது சாக்காகாது என்று நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்ததும் இதே 133ஆம் பிரிவை வைத்துத்தான். காவல் நிலையம் வேண்டாம், பொதுத் தொல்லைக்கு அபராதம் பழைய சட்டத்தில் 200 ரூபாய், இப்போதும் அதிகபட்சம் 1,000தான்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

இங்கே வெற்றுக் காணிகளின் சொந்தக்காரர்களில் பலர் கனடாவிலோ லண்டனிலோ இருக்கிறார்கள். என் மச்சானின் வளவும் வீடும் அப்படித்தான், திறப்பு (சாவி) என்னிடம் இருக்கிறது. 2017இல் நாடு முழுவதும் 1,80,000க்கும் அதிகமானோருக்கு டெங்கு கண்ட ஆண்டில், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் வந்து ஏணி கேட்டார். கூரைப் பீலியில் கையை விட்டு, ஊறிப்போன மாவிலைச் சருகை அள்ளி எடுத்து, அதன் கீழே நின்ற நீரை வெள்ளைக் கோப்பை ஒன்றில் ஊற்றி என் முகத்துக்கு நேரே நீட்டினார். குடம்பிகள் துள்ளிக்கொண்டிருந்தன. "திறப்பு ஆரிட்டை இருக்கு?" என்றார். "என்னட்டைத்தான்" என்றேன். 2007ஆம் ஆண்டின் நுளம்பு (கொசு)ப் பெருக்கத் தடுப்புச் சட்டம் வளவில் இருப்பவரையும் பொறுப்பாளியாக்குவதால், அறிவித்தலில் என் பெயரே எழுதப்பட்டது. அன்றிரவு மச்சானுக்குத் தொலைபேசியில் சொன்னபோது, பீலியைக் கழற்றிவிட்டால் என்ன என்று கேட்டார். எழுத்தர் ஐயா சொல்வது போல் அறிவிப்பை உரிய கையில் சேர்ப்பது நல்லதுதான். ஆனால் எங்கள் ஊரில் உரிய கை பத்தாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிறது.

மூன்றாவது தெருக்காரர்:

எழுத்தர் ஐயா, நான் ஆலோசனை கேட்டு எழுதவில்லை. இருந்தாலும் புல எண்ணைத் தேடிப் பார்த்தேன். கூட்டுப் பட்டாவில் நான்கு பெயர்கள் இருக்கின்றன, ஒருவரையும் தெருவில் யாருக்கும் தெரியவில்லை. பிரிட்ஜ் தட்டை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கழற்றித் துடைக்கிறேன்.

மஸ்கட்வாசியின் கேள்விக்கு நேற்றே பதில் எழுதியிருக்க வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் குளியலறையை இடித்துக் கட்டியபோது, உடைந்த ஓடும் காரையும் ஏழு மூட்டை சேர்ந்தன. கொத்தனார் எங்கே கொட்டுவது என்று கேட்டார், நான் கையைக் காட்டினேன். ஐந்து மனுக்களில் ஒன்றிலும் அதை எழுதவில்லை.