பெருவின் மச்சு பிச்சு இடிபாடுகளுக்கு ஒரே நாள் இன்கா பாதை: நடைமுறை விவரம் வேண்டும்

கேள்வி: நான்கு நாள் நடைக்கு விடுப்பு இல்லை. கி.மீ. 104 என்ற ரயில் நிறுத்தத்தில் இறங்கி ஒரே நாளில் போகும் பாதைக்கு வழிகாட்டி கட்டாயமா? முழங்கால் தாங்குமா?

பதில் 1: கட்டாயம். உரிமம் பெற்ற வழிகாட்டியும் முன்கூட்டியே எடுத்த அனுமதிச்சீட்டும் இல்லாமல் உருபாம்பா ஆற்றுப் பாலத்துச் சோதனைச்சாவடியைத் தாண்ட முடியாது. அசல் பாஸ்போர்ட் வேண்டும், அதன் எண் சீட்டோடு பொருந்த வேண்டும். இடையில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தவர்கள் சிக்கிக்கொள்வது இங்கேதான். கி.மீ. 104-ல் ரயில் கொஞ்ச நேரமே நிற்கும், பையை மாட்டிக்கொண்டு கதவருகே தயாராக இருங்கள்.

பதில் 2: மொத்தம் சுமார் 12 கி.மீ. தூரம் பெரிதில்லை, வெயில்தான் பிரச்சினை. சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் தொடங்கி 2,650 மீட்டரில் இருக்கும் விஞாய் வாய்னா என்ற இன்கா இடிபாடு வரை மூன்று மணி நேர ஏற்றம், பெரும்பகுதி நிழலே கிடையாது. ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், தொப்பி. விஞாய் வாய்னாவில் அவசரப்படாதீர்கள்: வளைந்திறங்கும் படிக்கட்டு வயல்கள், அவற்றின் ஓரமாக ஒன்றன்கீழ் ஒன்றாகக் கல் தொட்டிகள். மச்சு பிச்சுவின் கூட்டம் அங்கே இருக்காது.

பதில் 3: முழங்காலுக்கு: மச்சு பிச்சுவுக்கு மேலே உள்ள சூரிய வாசலுக்குச் சற்று முன் ஏணி போல் நிமிர்ந்த படிகள், கையூன்றித்தான் ஏற வேண்டும். அதைவிட வலிப்பது அதற்குப் பிந்தைய ஒரு மணி நேர இறக்கம். படிக்கற்களின் உயரம் ஒரே மாதிரி இருக்காது, மழையில் வழுக்கும். ஊன்றுகோலுக்கு ரப்பர் முனை கட்டாயம். பயணம் தொடங்கும் குஸ்கோ நகரம் 3,400 மீட்டர் உயரம், அங்கே இரண்டு நாள் தங்கி உடம்பைப் பழக்கிவிட்டு நடங்கள்.