படிகத்தைப் பார்த்தே மீக்கடத்தியின் வகையைச் சொல்லிவிடலாமா?

கோலப்புள்ளி:
மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்துவது மீக்கடத்தி. அதில் எலக்ட்ரான்கள் எந்த வகையில் ஜோடி சேர்கின்றன என்பதைப் படிக அமைப்பைப் பார்த்தே சொல்லலாம் என்பது என் கட்சி. குப்ரேட் என்ற தாமிர ஆக்சைடு மீக்கடத்தியைப் பாருங்கள். தாமிரமும் ஆக்சிஜனும் சதுர சதுரமாக அடுக்கிய தளம். அதில் கூப்பர் இணையின் (ஜோடி சேர்ந்த இரண்டு எலக்ட்ரான்களின்) அலை, வாசலில் போடும் நாலிதழ்க் கோலம் மாதிரி: ஓர் இதழ் வெள்ளை, அடுத்தது காவி; அதாவது அலையின் குறி ஒன்றில் கூட்டல், அடுத்ததில் கழித்தல். 90 டிகிரி திருப்பினால் நிறம் இடம் மாறும். 1994-ல் சூயி, கிர்ட்லி குழு மூன்று படிகங்கள் சந்திக்கும் இடத்தில் வளையம் அமைத்து, காந்தப்பாயக் குவாண்டத்தில் (மீக்கடத்தி வளையத்தில் காந்தப்பாயத்தின் வழக்கமான அலகு) சரிபாதியைப் பார்த்தது இந்த நிறமாற்றத்தால்தான்.

அடையாறு_ஆலமரம்:
சதுரப் படிகத்தில் நாலு பக்கமும் ஒரே நிறமாக இருக்கவும் தடையில்லையே! ஹோட்டல் பலகையில் இட்லி, பொங்கல், வடை எல்லாம் இருக்கும். எதைச் சாப்பிடுவது என்று பலகையா சொல்லும்? குப்ரேட்டில் எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று கடுமையாக விலக்குவதால்தான் அந்த இரட்டை நிறம்.

ஸ்ட்ரான்சியம் ருத்தனேட் கதை தெரியும்தானே? லாந்தனம் குப்ரேட்டின் அதே அடுக்கமைப்பு, ஆனால் 1.5 கெல்வினில்தான் (சுமார் மைனஸ் 272 டிகிரி செல்சியஸ்) மீக்கடத்தி. இணையின் ஸ்பின்கள் (எலக்ட்ரானைக் குட்டிக் காந்தமாக்கும் பண்பு) ஒரே பக்கம் பார்க்கும் என்று இயற்பியலாளர்கள் ரைஸும் சிக்ரிஸ்டும் சொன்னார்கள். நம்ம தரமணி கணித அறிவியல் நிறுவனத்து பாஸ்கரனும் தனியாக அதையே சொன்னார். 1998-ல் காந்த ஒத்ததிர்வு அளவீடும் ஆமாம் போட்டது. அப்புறம் 2019-ல் மறுபடி அளந்தால் பழைய அளவீட்டின் ரேடியோ துடிப்புகளே மாதிரியைச் சூடாக்கியிருக்கின்றன! ஒரே ஸ்பின் கதை ஆட்டம் கண்டது. இத்தனை வருஷமும் படிகம் மாறவே இல்லை, சார்.

மாம்பலம்_மெயில்:
இதை வைத்து பீச்–தாம்பரம் ரயில் ஓட்ட முடியுமா?

கோலப்புள்ளி:
முடியாது. அடுத்து நான் சொல்லப்போவது 0.26 கெல்வின் சமாச்சாரம். நம்ம ஊர் மே மாதத்துக்கு ஆகாது.

ஆலமரம், ருத்தனேட்டில் தோற்றதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2004-ல் வந்த சீரியம் பிளாட்டினம் சிலிக்கானில் மையச் சமச்சீர் (ஒரு புள்ளி வழியாக எதிர்ப்பக்கம் புரட்டினாலும் அமைப்பு மாறாதது) இல்லை. அங்கே எதிர்ஸ்பின் இணையும் ஒத்தஸ்பின் இணையும் கலப்பதைத் தடுக்க விதியே கிடையாது. சீரியம் ரோடியம் ஆர்சனைடு (2021) இன்னும் வேடிக்கை. முழுப் படிகத்துக்கு மையம் உண்டு, சீரியம் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு இல்லை. செங்குத்தாகச் சுமார் 4 டெஸ்லா காந்தப்புலம் கொடுத்தால் ஒரு மீக்கடத்தி நிலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறது. இதையும் பலகை என்பீர்களா?

அடையாறு_ஆலமரம்:
கலக்கலாம் என்கிறது சரி, எவ்வளவு என்று சொல்லவில்லையே. அப்புறம், 1994-ல் அவர்கள் எடுத்துக்கொண்ட இட்ரியம் குப்ரேட் சுத்தமான சதுரமே இல்லை, லேசான செவ்வகம். உங்கள் கோலத்தில் வெள்ளையும் காவியும் சம அளவு என்று யார் சொன்னது?

கோலப்புள்ளி:
அந்தக் கோணலும் படிகம் கொடுத்ததுதானே, சார்?