கேப்டன் பியாண்ட், 1972: இடைவெளி விழுந்தால் உடைந்துபோகும் ஆல்பம்

அமெரிக்க ராக் குழு கேப்டன் பியாண்டின் முதல் ஆல்பத்தில் ஒரு பாட்டை மட்டும் உருவிக் கேட்டால் ‘நல்ல ஹார்ட் ராக்’ என்பதோடு நின்றுவிடும். பாட்டுகளைக் கோத்த விதத்தில்தான் அதன் பெருமையே. 13 துண்டுகள், மொத்தம் சுமார் 35 நிமிடம். முதல் மூன்றும் ஒரே மூச்சில் ஓடுபவை. ‘டான்சிங் மேட்லி பேக்வர்ட்ஸ்’ தொடங்கும்போது பாபி கால்டுவெல் டிரம்ஸில் ஐந்தெண்ணிக்கை பிடிக்கிறார். நாலு நாலாகக் காலைத் தட்டினால் உடனே இடறும். தக தகிட என்று கண்டமாக எண்ணுங்கள், ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) எங்கே திரும்புகிறது என்பது பளிச்சென்று தெரியும். அடுத்து இரண்டு நிமிடம்கூட நீளாத ‘ஆர்ம்வொர்த்’. அதற்கடுத்த ‘மயோபிக் வாய்ட்’ வேகத்தை இறக்கி மிதக்க விடுகிறது.

*

மேலே சொன்னது எல்பி தட்டின் முதல் பக்கம். அதோடு இரண்டாம் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசி ஐந்து துண்டுகளின் வரிசையைப் பாருங்கள்: ‘ஐ கான்ட் ஃபீல் நத்திங்’ முதல் பகுதி, ‘ஆஸ் த மூன் ஸ்பீக்ஸ்’, ‘ஆஸ்ட்ரல் லேடி’, மறுபடி ‘ஆஸ் த மூன் ஸ்பீக்ஸ்’, மறுபடி ‘ஐ கான்ட் ஃபீல் நத்திங்’. விகடகவி மாதிரி எந்தப் பக்கமிருந்து படித்தாலும் அதே வரிசை! நட்டநடுவில் இருக்கும் ‘ஆஸ்ட்ரல் லேடி’யின் நீளம் வெறும் 16 விநாடி. பட்டியலில் அதைப் பார்த்துவிட்டு ஏதோ தவறுதலாக வெட்டுப்பட்ட கோப்பு என்று நீக்கிவிடாதீர்கள். அது போனால் வளைவுக்கு நடுக்கல் போன மாதிரி.

*

கோப்பாகக் கேட்பவர்களுக்கு மூன்று அமைப்புகள். பாட்டுகளைக் கலைத்துப்போடும் ஷஃபிளை அணையுங்கள். இடைவெளியின்றி ஓடவைக்கும் கேப்லெஸ் பிளேபேக் இயங்கட்டும், ஒரு பாட்டின் முடிவை அடுத்ததோடு கலக்கும் கிராஸ்ஃபேட் 0-வில் இருக்கட்டும். கிராஸ்ஃபேடை 5 விநாடி வைத்தால் அந்த 16 விநாடித் துண்டின் இரு முனையும் கரைந்துவிடும். அடுத்து, சத்த அளவைச் சரிசெய்யும் ரீப்ளேகெயினை டிராக் முறையில் விடாமல் ஆல்பம் முறைக்கு மாற்றுங்கள். டிராக் முறை ஒவ்வொரு துண்டையும் ஒரே சத்தத்துக்கு இழுக்கும். அமைதியான பகுதியிலிருந்து ரிஃப் பாய்ந்து வரும்போது அந்த அடி விழாது. எல்லாம் சரியாக இருந்தும் இணைப்பில் ‘டக்’ என்று கேட்டால் எம்பி3-யைச் சந்தேகப்படுங்கள். எம்பி3-யாக மாற்றும் என்கோடர் கோப்பின் முன்னும் பின்னும் சிறு மௌனத்தைச் சேர்க்கும். அதைக் கழிக்கத் தெரியாத பிளேயரில் தையல் தெரியும். ஒலி இழப்பில்லாத கோப்பு வகையான ஃபிளாக்கில் இந்தத் தொல்லை கிடையாது.

*

இவ்வளவு நல்ல ஆல்பம் ஏன் ஒதுங்கிப்போனது? ஆட்கள் சாதாரணமானவர்கள் அல்லர். ராட் எவன்ஸ் பிரிட்டிஷ் ராக் குழு டீப் பர்பிளின் முதல் பாடகர், அதன் முதல் மூன்று ஆல்பங்களில் ஒலிப்பது அவர் குரல்தான். கிட்டார் வாசித்த ரைனோ ரெய்ன்ஹார்ட்டும் பேஸ் வாசித்த லீ டோர்மனும் அயர்ன் பட்டர்ஃபிளை குழுவிலிருந்து வந்தவர்கள், கால்டுவெல் கிட்டார் கலைஞர் ஜானி வின்டருக்கு வாசித்தவர். வெளியிட்டதோ ஆல்மன் பிரதர்ஸ் குழுவால் பெயர்பெற்ற கேப்ரிகார்ன் லேபிள், அமெரிக்கத் தென்மாநில ராக்கின் தாய்வீடு. அந்த லேபிளின் ரசிகர்களுக்கு இது அந்நியம். சிக்கலான அமைப்புகளை விரும்பும் புரோக்ரெசிவ் ராக் ரசிகர்கள் எதிர்பார்த்த ஆர்கன், மெலோட்ரான் போன்ற கீபோர்டுகளும் இதில் முன்னால் நிற்பதில்லை, எல்லாச் சிக்கலையும் கிட்டாரும் டிரம்ஸும் சுமக்கின்றன. என் கணிப்பில் இரண்டு கூட்டத்துக்கும் நடுவே விழுந்துவிட்டது. பாட்டுகளை எழுதியவர்கள் என்று எவன்ஸ், கால்டுவெல் பெயர் மட்டுமே இருப்பதைப் பார்த்து மற்ற இருவரையும் குறைத்து எடைபோட வேண்டாம். அயர்ன் பட்டர்ஃபிளை ஒப்பந்தச் சிக்கலால் அவர்கள் பெயரைப் போட முடியவில்லை.

*

எல்பி தேடுபவர்களுக்கு: அமெரிக்காவின் ஆரம்பப் பதிப்புகளில் அட்டைமேல் முப்பரிமாணப் படம் ஒட்டியிருக்கும், சாய்த்தால் அசையும். வாங்குமுன் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, நான்கு மூலையும் எழும்பாமல் இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். அலமாரியில் இறுக்கிச் செருகினால் பக்கத்து அட்டை உரசி, படத்தின் மேலுள்ள நுண்வரிகள் தேயும்.

இதைக் கேட்ட சூட்டோடு அவர்களின் அடுத்த ஆல்பமான 1973-ன் ‘சஃபிஷியன்ட்லி பிரெத்லெஸ்’ஸுக்குப் போகாதீர்கள். அதில் கால்டுவெல் இல்லை, இசையும் மென்மையான வேறொரு திசை. ஒரு வாரம் விட்டுக் கேளுங்கள்.