அப்பாவோடு ஒரு சாண்ட்விச் சாப்பாடு (கொடைக்கானல்)

தாண்டிக்குடி தோட்டக்காரர் மகன்:

கொடையில் இந்த விலை கூடின சாண்ட்விச் கடைகளுக்குப் போனவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். என் பங்குக்கு இது.

பட்டா விஷயமாக அப்பாவைத் தாலுகா ஆபீசுக்குக் கூட்டிப் போயிருந்தேன். வேலை முடியும்போது மணி இரண்டு, மழை வேறு. வழக்கமான மெஸ்ஸில் உட்கார இடமில்லை. பக்கத்தில் இருந்த இந்தக் கடைக்குள் நுழைந்துவிட்டோம். கண்ணாடிப் பெட்டிக்குள் ஹாம், சலாமி என்று பதப்படுத்தின கறி வகைகள், நாலைந்து தினுசு சீஸ். வேண்டியதை கிராம் கணக்கில் நிறுத்தும் வாங்கலாம், ரொட்டியைத் தேர்ந்தெடுத்தால் அதிலேயே அடுக்கியும் தருகிறார்கள். அப்பா விலைப் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மழை வலுத்ததால் உட்கார்ந்தார்.

கல்லாவில் இருந்த பையனிடம், "தம்பி, இந்தப் பாஸ்ட்ராமின்னா என்னப்பா?" என்று கேட்டார். அவன் பொறுமையாகச் சொன்னான்: கறியை நாள் கணக்கில் உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, மிளகும் மல்லியும் பொடித்துத் தடவி, புகை போட்டு, அப்புறம் ஆவியில் வேகவைத்து மெல்லிசாகச் சீவுவது. அமெரிக்காவில், நியூயார்க்கில் குடியேறிய யூதர்கள் கடைபோட்டுப் பிரபலமாக்கின பண்டமாம். "அப்ப நம்ம உப்புக்கண்டத்துக்குச் சொந்தக்காரன்னு சொல்லு. காயப்போடாம ஆவியில வைக்கிறான், அவ்வளவுதான்" என்றார் அப்பா. பையன் சிரித்துவிட்டான். மிளகு எங்கே வாங்குகிறீர்கள் என்பது அடுத்த கேள்வி. கீழ்ப்பழனி மலையில் காப்பித் தோட்டம் வைத்திருப்பவரிடம் மிளகு என்று சொன்னால் வேறு என்ன கேட்பார்?

எனக்குப் பாஸ்ட்ராமி, அவருக்கு பட்டர் ஃப்ரூட் (அவகாடோ) வைத்த டோஸ்ட். என்னுடையது நன்றாகவே இருந்தது. கறி சூடாக, ஓரத்தில் மிளகு கரகரவென்று, கம்பு ரொட்டி மாதிரி கறுத்த, ரை என்கிற தானியத்தில் செய்த ரொட்டி. கூடவே வைத்த வெள்ளரி ஊறுகாயில் மட்டும் புளிப்பு போதவில்லை. பிரச்சினை அப்பாவின் தட்டில். ஒரு வாய் தின்றுவிட்டு, முள்கரண்டியால் பழத்துண்டை அழுத்திப் பார்த்தார். ரப்பர் மாதிரி எழும்பி வந்தது. "முத்தாத காய். அவசரப்பட்டு இறக்கிட்டானுங்க" என்றார்.

பட்டர் ஃப்ரூட் மரத்தில் பழுக்காது. முத்தின பிறகு பறித்து வைத்தால்தான் கனியும். முத்துவதற்கு முன் பறித்தால் எத்தனை நாள் வைத்தாலும் தோல் சுருங்குமே தவிர, வெண்ணெய்ப் பதம் வராது. காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்து, உள்ளே கொட்டை ஆடுகிறதா என்று கேட்பது அப்பாவின் வழக்கம். எல்லா ரகத்துக்கும் இது ஒத்துவராது, எங்கள் மரங்களுக்குச் சரியாக வருகிறது. தடியன்குடிசையில் இருக்கும் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையத்திலிருந்துதான் டி.கே.டி. 1 என்ற ரகம் வந்தது. எங்களிடமும் அதில் சில மரம் உண்டு. காப்பிக்கு நடுவே நிற்பதால் தனியாக யாரும் கவனிப்பதில்லை.

இதையெல்லாம் அப்பா அந்தப் பையனிடம் சொல்ல, அவன் உள்ளே போய் முதலாளியம்மாவைக் கூட்டி வந்துவிட்டான். பையன் மன்னவனூர்க்காரனாம், அவன் வீட்டில் பூண்டும் உருளைக்கிழங்கும். முதலாளியம்மா வேறு டோஸ்ட் போட்டுத் தரச் சொன்னார், அப்பா வேண்டாம் என்றார். தட்டுக்குக் காசும் வாங்கவில்லை. எங்கள் பழத்தை வாரம் ஒரு பெட்டி அனுப்ப முடியுமா என்று கேட்டிருக்கிறார். எல்லாம் ஒரே அளவாக வேண்டுமாம். பெரிசும் சிறிசுமாக மொத்தத்தையும் தூக்கிக்கொண்டு போகும் வியாபாரிக்குக் கொடுத்துப் பழகிய அப்பா, யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டார்.

குன்னூர் மீனா:

உங்கள் அப்பா பேசின மாதிரி எங்கள் அத்தை பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குன்னூரில் இதே மாதிரி ஒரு கடை. வெள்ளிக்கிழமை, அத்தை கவிச்சி தொடமாட்டார். சீஸ் சாண்ட்விச் சொன்னோம். ஹாம் சீவின அதே மெஷினில் சீஸையும் சீவினார்கள், நான் கண்ணால் பார்த்தேன். கேட்டதும் வேறு கட்டையில் கத்தி வைத்து நறுக்கிக் கொடுத்தார்கள், முகம் சுளிக்கவில்லை. ஆனாலும் கேட்டால்தான் நடக்கிறது. சைவம் சாப்பிடுகிறவர்கள் ஆர்டர் சொல்லும்போதே சொல்லிவிடுங்கள். லெட்டூஸ் மட்டும் அவ்வளவு புதுசு. இங்கிலீஷ் காய் விளைகிற ஊரில் அதுகூட இல்லாவிட்டால் எப்படி!

பரோட்டா பாண்டி:

நானூறு, ஐந்நூறு கொடுத்து இரண்டு ரொட்டித் துண்டா? அந்தக் காசுக்கு நாலு பேர் பஜாரில் உட்கார்ந்து சால்னாவோடு முடித்துவிட்டு டீயும் குடிக்கலாம்.

முன்னாள் கிச்சன் ஆள்:

பாண்டி அண்ணே, கோபம் நியாயம்தான். கொடையில் இப்படி ஒரு கடையில் கொஞ்ச காலம் அடுப்படியில் நின்றவன் என்பதால் மறுபக்கத்தையும் சொல்கிறேன். ஊர் ஏழாயிரம் அடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. தண்ணீர் இங்கே 93 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே கொதித்துவிடும். அதனால் ஆவியில் வேகிற கறிக்கு கீழே மதுரையில் ஆகிற நேரத்தைவிடக் கூடுதலாக ஆகும், கேஸும் அதற்கேற்ப. ரொட்டி அதைவிடத் தொல்லை. காற்றழுத்தம் குறைவு என்பதால் கதகதப்பான இடத்தில் மாவு சடசடவென்று உப்பி அமுங்கிவிடும். மார்கழிக் குளிரில் அதே மாவு அசையாது. ராத்திரி அடுப்புப் பக்கம் நகர்த்தி வைத்து, நடுவில் எழுந்து பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று கூட்டம். சித்திரை, வைகாசியில் வாசல் வரை வரிசை. மழைக்காலத்தில் மத்தியானம் இரண்டு மேஜை நிறைந்தால் பெரிசு. 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வந்த பிறகு எத்தனை பேர் வருவார்கள் என்று கணக்குப்போட முடியவில்லை என்று முதலாளி அடிக்கடி சொல்வார். மிஞ்சின ரொட்டியின் விலையும் விற்ற சாண்ட்விச்சில்தான் ஏறும். அதற்காக முத்தாத பழத்தை வைத்துக் காசு வாங்குவதை நான் நியாயப்படுத்தவில்லை.

தோட்டக்காரர் மகனுக்கு ஒன்று: அந்தம்மாவுக்குப் பழம் அனுப்புவதாக இருந்தால், சீசன் இல்லாத மாதங்களிலும் இத்தனை பெட்டி எடுப்பேன் என்று முன்கூட்டியே பேசி, பணம் எத்தனை நாளில் என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் வழக்கமான வியாபாரியையும் விட்டுவிடாதீர்கள். சின்னப் பழமெல்லாம் அவரிடம்தானே போகணும்.